எட்டு விரலுக்கு நாற்பது விசை

1

நான் நோர்வேயின் பேர்கனில் வந்து இறங்கிய நாள் ஒவ்வொரு வருடமும் திரும்பி வரும்போது, ஊரில் இருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதுவது என் வழக்கம். இதுவரை எழுதியவற்றைச் சேர்த்துத் தைத்தால் மழையைப் பற்றிய முறைப்பாட்டுப் புத்தகம் ஒன்று தேறும். திருகோணமலையில் மாரிகாலத்துக்கு மட்டும் பெய்கிற மழை இங்கே பன்னிரண்டு மாதமும் பெய்யும். அதற்கு மேல் மழையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இந்த முறை சந்தோஷமாக எழுதப் போகிறேன். எனக்கு அது புதுப் பழக்கம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசயம் ஒரு விசைப்பலகை. கணினியில் தட்டச்சுச் செய்கிற அதே பலகைதான், ஆனால் கடையில் வாங்கியதல்ல. மூன்று நாடுகளில் இருக்கிற நாங்கள் ஒரு சிலர் சேர்ந்து, எட்டு மாதம் சண்டை பிடித்துச் செய்தது. என் மகள் அபி அதன் மூளை. கிண்ணியாவில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிற என் கூட்டாளி நசீர் அதன் நரம்பு. சல்லியில் பைபர் படகு கட்டுகிற ராசண்ணை அதன் உடம்பு. ரொறன்ரோவில் இருக்கிற பள்ளிக் கூட்டாளி சிவா அதன் வாய். நான் கூட்டத்துக்கு நேரம் குறிக்கிற ஆள். எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவன் தேவை என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

அபிக்கு இப்போது பதினேழு வயது. இங்கே பிறந்தவள். பத்து வயதுவரை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனாள். பிறகு கைப்பந்து வந்தது, தமிழ் போனது. பதினைந்து வயதில் அறைக் கதவும் மூடிக்கொண்டது. உள்ளே ஓயாமல் டக் டக் என்று சத்தம். கதவைத் தட்டினால் "பிறகு அப்பா" என்று நோர்வேஜிய மொழியில் பதில் வரும். பிள்ளை ஏதோ பிழையான சகவாசத்தில் விழுந்துவிட்டாள் என்று நான் குசினிக்குள் நின்று மனைவியோடு குசுகுசுத்தேன். மனைவி நேரே போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"ஈயம் வச்சு ஏதோ பூட்டுறாள். உங்களை மாதிரித்தான். ஆனா அவள் கழட்டினதைத் திருப்பிப் பூட்டுறாள்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, உலகம் முழுக்க இப்படி ஒரு கூட்டம் இருக்கிறதென்று. தங்களுக்கு வேண்டிய விசைப்பலகையைத் தாங்களே வரைந்து, தகடு வெட்டி, ஒவ்வொரு விசையாகப் பூட்டிச் செய்கிறவர்கள். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆனாலும் ஒரு விசை அமுங்குகிற ஆழத்தைப் பற்றி நாள்கணக்காகக் கதைப்பார்கள். அபி செய்தது உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தால் மறைந்துவிடுகிற அளவுக்குச் சிறியது. நான் அதைப் படம் எடுத்து, "என்ர மகள் செய்தது" என்று எங்கள் பழைய பள்ளிக்கூடக் குழுவில் போட்டேன். பெருமையடிக்கத்தான், வேறொன்றுமில்லை. அந்தக் குழுவில் என் தங்கை வதனியும் இருந்தாள்.

2

வதனி கப்பல்துறையில் இருக்கிறாள். காலையில் கண்டி வீதியில் பஸ் பிடித்துத் திருகோணமலை நகரத்துக்கு வந்து, ஒரு அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிறாள். பதினோரு வருடமாகத் தற்காலிகம். நிரந்தர நியமனத்துக்கு வேண்டிய எல்லாம் அவளிடம் இருக்கிறது, தமிழ்த் தட்டச்சுச் சோதனையில் சித்தியடைவது மட்டும்தான் மிச்சம். இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் வேகம் போதாது என்று சித்தி தரவில்லை. மூன்று தரத்துக்கு மேல் எழுத விடமாட்டார்கள். மூன்றாவதும் போனால் அந்த வேலையே போய்விடும்.

அவளுடைய இடக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. போர் நேரம் சம்பூரை விட்டுச் சனம் வெளிக்கிட்ட நாளில், சாமான் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியின் பின்கதவு அவளுடைய கையில் விழுந்தது. அந்த நேரம் நான் இங்கே யாரோ ஒருவருடைய வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு என் மேலேயே கோபம் வரும். அவளுக்கு வராது. "எட்டு விரல் காணும் அண்ணா, நான் என்ன வீணையா வாசிக்கப் போறன்" என்பாள்.

படம் போட்டு மூன்றாம் கிழமை அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் பஸ் இரைச்சல்.

"அண்ணா, அபி செய்தது நல்லாச் சின்னனா இருக்கு. அப்பிடி என்ர கைக்கு ஏத்த மாதிரி ஒண்டு செய்ய ஏலுமோ எண்டு பிள்ளையிட்டக் கேட்டுப் பாருங்கோ. ஏலாதெண்டாப் பரவாயில்லை, என்ன."

ஏலாதென்றால் பரவாயில்லை என்று வதனி சொன்னால் அவள் இரண்டு கிழமை யோசித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள் என்று அர்த்தம். நான் போய் அபியின் கதவைத் தட்டினேன். "பிறகு அப்பா" வந்தது. விசயத்தைக் கதவுக்கு வெளியே நின்றே சொன்னேன். கதவு திறந்தது.

"எந்தக் கை? எத்தனை விரல்? படம் வேணும்" என்றாள்.

வதனி ஒரு கோட்டுத் தாளில் இரண்டு கையையும் விரித்து வைத்து, பேனையால் ஓரம் வரைந்து அனுப்பினாள். அபி அதை அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். அந்த இடத்தில் அதுவரை ஒரு கைப்பந்து வீராங்கனையின் படம் இருந்தது.

3

இங்கே ஞாயிறு மத்தியானம் ஒரு மணி, அங்கே பின்னேரம் ஐந்தரை, ரொறன்ரோவில் காலை ஏழு. அதுதான் எங்கள் கூட்ட நேரம். சிவா நித்திரைக் கண்ணோடு வந்து சண்டையைத் தொடக்குவான். அவனுக்கு விசையென்றால் சத்தம் வேண்டும்.

"மச்சான், சத்தமில்லாத விசையும் உப்பில்லாத சொதியும் ஒண்டு."

"அங்க ஒரு மண்டபத்துல எத்தினை பேர் சோதினை எழுதுவாங்க தெரியுமா? இவ டக்கு டக்கெண்டு அடிச்சா வெளியில அனுப்பிருவாங்கடா" என்று நசீர் கத்துவான். அவன் கடையில் நிற்கிற வாடிக்கையாளரும் இடைக்கிடை ஒரு வார்த்தை சொல்லுவார்.

சத்தம் குறைந்த விசை என்று முடிவெடுக்க மூன்று ஞாயிறு போனது. அபி இதையெல்லாம் கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டிருப்பாள். அவளுடைய உலகக் கூட்டத்திலும் சண்டை உண்டாம், ஆனால் ஒரே நேரத்தில் நாலு பேர் கதைக்கமாட்டார்களாம். "நாங்கள் அப்பிடித்தான் கதைப்பம். நாலு பேரும் கதைச்சாத்தான் ஒருத்தருக்கும் கோபம் இல்லையெண்டு தெரியும்" என்று விளங்கப்படுத்தினேன்.

பிரச்சினை இதுதான். சோதனை மண்டபத்துக் கணினியில் எதையும் ஏற்ற விடமாட்டார்கள். அதில் பழைய தட்டச்சுப் பொறி ஒழுங்குதான் இருக்கும். ஆகவே எங்கள் பலகையைச் செருகினால் கணினி அதைச் சாதாரணப் பலகை என்று நம்ப வேண்டும். எழுத்தெல்லாம் எட்டு விரலும் நகராமல் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு எழுத்தையும் கொஞ்ச விசைக்குள் அடக்க வேண்டுமென்றால், ஒரு விசைக்கு இரண்டு மூன்று வேலை கொடுத்தாக வேண்டும். பெருவிரலால் ஒரு விசையை அமத்திப் பிடித்தால் மற்ற விசைகள் வேறு எழுத்தாக மாறும். அபி அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னாள். நசீர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப மேல்மாடி, கீழ்மாடி எண்டு சொல்லேன்" என்றான். அன்றிலிருந்து எங்கள் குழுவில் உயிரெழுத்தெல்லாம் மேல்மாடியில் குடியிருக்கின்றன.

எந்த எழுத்து எங்கே என்று தீர்மானிக்க, அபி வதனியின் அலுவலகக் கடிதங்களில் பெயர்களை மறைத்து ஒரு கட்டு வாங்கி, எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது என்று கணினியால் எண்ணினாள். எல்லாவற்றையும்விடக் கூடுதலாக வந்தது புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கிற அந்தச் சின்னப் புள்ளி! ஐம்பது வயது கிட்டுகிற எனக்கு அது தெரியாது. "அப்ப அதுக்குத்தான் நல்ல விரல்" என்று சொல்லி, புள்ளியை வலது பெருவிரலுக்குக் கீழே வைத்தாள். நகரத் தேவைப்படாத விரல் அது.

பரிசோதிக்கத் தனக்கும் ஒரு மாதிரிப் பலகை செய்தாள். விசை மேல் போடுகிற மூடிகளில் எழுத்தைத் தாளில் அச்சடித்து ஒட்டினாள். இப்படித்தான் என் மகள் தமிழ் எழுத்தைத் திரும்பப் படித்தாள். அ, ஆ என்று தொடங்கி அல்ல. விரல் ஓய்ந்து கிடக்கிற வரிசையில் இருந்த க, த, ப, ம, ன என்ற ஒழுங்கில். சனிக்கிழமைப் பள்ளி ஆசிரியர் கேட்டால் மயங்கி விழுவார்.

வதனி எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள். வீட்டு வேலை முடிந்த களைப்பில், ஒரு கையில் தேத்தண்ணியோடு. நாங்கள் எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு அண்ணா" என்பாள். ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை.

4

இனி அனுமதி. சொந்தப் பலகையோடு சோதனை எழுதலாமா என்று வதனி கடிதம் கொடுத்தாள். மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். பழையதைக் கொடுத்தாள். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் விரல் முளைத்திருக்குமோ என்று அவர்களுக்குச் சந்தேகம் போலும். பிறகு கிராம சேவகரின் கடிதம். அவர் நல்ல மனுசன், கையை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே எழுதிக் கொடுத்தாராம்.

நோர்வேயில் இது நடக்காது என்று நான் வாய் திறக்க மனைவி முறைத்தாள். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு இங்கே வதிவிட அனுமதி புதுப்பிக்கும்போது, நான் பிறந்தேன் என்பதை நிரூபிக்கச் சொன்னார்கள். நேரிலே போய் நின்றும் நம்பவில்லை.

பிறகு ஒரு படிவம் வந்தது. உபகரணத்தின் தயாரிப்புப் பெயரும் இலக்கமும் எழுத வேண்டும். எங்கள் பலகைக்கு ஏது பெயர்? குழுவில் பெயர் விவாதம் மூண்டது. வதனியின் பெயரையே வைக்கலாம் என்றான் நசீர். "சோதினையில தோத்தா என்ர பேருமெல்லோ தோக்கும்" என்று அவள் மறுத்துவிட்டாள். சிவா பதினாறு பெயர்ப் பட்டியல் அனுப்பினான், அதில் பாதி சிங்கம், புயல் என்று போனது. முடிவு வரவேயில்லை. பெயர்க் கட்டத்தைக் கடைசியில் நிரப்பலாம் என்று படிவத்தை வதனி கையிலேயே வைத்திருந்தாள்.

5

தகட்டை நான் வெட்டினேன். நான் ஒரு பாடசாலையில் கட்டடப் பராமரிப்பு வேலை செய்கிறேன், அங்கே மரவேலை அறையில் நல்ல வாள்கள் உண்டு. நாலு வரிசை, வரிசைக்குப் பதினொன்று, ஆக நாற்பத்து நாலு சதுர ஓட்டை. ஒரு சாதாரணப் பலகையின் இடது ஓரத்தில் நெடுக இருக்கிற விசைகளையும் மறக்காமல் வைத்தோம். விசைப்பலகை என்றால் அது இருக்கத்தானே வேண்டும் என்று சிவா ஒற்றைக் காலில் நின்றான். நாங்களும் தலையாட்டினோம்.

தகடும் விசைகளும் பொதியாகக் கிண்ணியா போய்ச் சேர்ந்தன. நசீர் கடையில் சனம் குறைந்த நேரமெல்லாம் ஒவ்வொரு விசைக்கும் வயர் இழுத்து ஈயம் வைத்தான். இனிப் பெட்டி. அதைச் செய்ய ஒத்துக்கொண்டவர் ராசண்ணை. எங்கள் அண்ணன் வகுப்பில் படித்தவர். முப்பது வருடமாக மீன்பிடிப் படகு கட்டுகிறார். அபியின் வரைபடத்தை அவருக்கு அனுப்பினோம். "இது ஒரு பொம்மைத் தோணிதானே, ரெண்டு நாள் வேலை" என்றார். ஆனால் அந்த நேரம் சல்லி முத்துமாரியம்மனுக்குத் திருவிழா தொடங்கியிருந்தது. திருவிழா முடியும்வரை ராசண்ணை படகுக்கு ஊற்றுகிற ரெசின் வாளியைத் தொடமாட்டார். அவரை அவசரப்படுத்தவும் ஒருவருக்கும் துணிவில்லை.

திருவிழா முடிந்து மூன்றாம் நாள் பெட்டி தயாரானது. நசீர் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சல்லிக்குப் போனான். இங்கே எங்களுக்கு வேலையும் பள்ளியும் முடியும்வரை காத்திருந்து, அங்கிருந்து வீடியோவில் எங்களை அழைத்தான். பெட்டியைப் பார்த்ததும் நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். கடல் நீலம், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. முன்பக்கத்தில், படகின் முன் அணியத்தில் எழுதுகிற அதே எழுத்தில், அதே சிவப்பு மையில் "சல்லி 44" என்று இருந்தது.

"ஆரும் பேர் சொல்லேல்ல. பேர் இல்லாம என்ர கொட்டில்ல இருந்து ஒண்டும் வெளிய போகாது" என்றார் ராசண்ணை. ஒரு மாத விவாதம் அந்த இடத்தில் முடிந்தது. பின்பக்கத்தில் ஒரு ஓட்டையும் அதற்கு ஒரு இறப்பர் அடைப்பானும் இருந்தன.

"இது என்ன அண்ணை?" என்று கேட்டேன்.

"தண்ணி வடிய வேணாமோ?"

அந்த ஓட்டைதான் பிறகு வயர் வெளியே வருகிற வாசலானது. சிரித்து முடியமுன் நசீரின் முகம் மாறியது. தகட்டை வைத்துப் பார்க்கிறான், உள்ளே இறங்கவில்லை. திருப்பி வைக்கிறான், இறங்கவில்லை. அகலத்தில் ஒரு விசை அளவுக்கு இடம் காணாது.

படகு கட்டுகிறவர்களுக்கு அளவு என்றால் அது வெளி அளவுதான். பதினெட்டு அடிப் படகு என்றால் வெளியே பிடித்த பதினெட்டு அடி. எங்கள் வரைபடத்தில் இருந்தது உள்ளளவு. ராசண்ணை அதை வெளியளவாக எடுத்து, அலைக்குத் தாங்குகிற மாதிரி விரல் தடிப்பில் சுவர் வைத்து, கல்லுப் போல ஒரு பெட்டி செய்துவிட்டார். முன்பின் பக்கம் வயருக்கென்று வரைபடத்தில் விட்டிருந்த இடத்தால் தப்பியது. அகலத்துக்கு அந்த இடமில்லை.

சோதனைக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. புதிய அச்சு செய்து, ஊற்றி, காயவிட்டால் அவள் பழகுவதற்கு நாளே மிஞ்சாது. ராசண்ணை பெட்டியைத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தார். சிவா வரைபடம் பிழை என்றான். நான் வரைபடத்தில் எல்லாம் இருக்கிறது, வாசிக்கத் தெரிய வேண்டும் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நசீர் என்னைப் பார்த்து, "வாயை மூடு மச்சான்" என்றான். மூடினேன்.

அபி எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். கதவு திறந்தே இருந்தது. அவள் வதனியை நேரே அழைத்திருந்தாள். குழு இல்லாமல், நான் இல்லாமல் அவர்கள் இருவரும் கதைத்தது அதுதான் முதல் தரம். அவளுடைய உடைந்த தமிழ் எனக்கு நடையில் நின்று கேட்டது.

"மாமி, பெட்டி சின்னன். ஒரு வரி வெட்டவேணும், மேல இருந்து கீழ. எந்த வரி வேண்டாம்?"

அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வதனி சொன்னாள்.

"இடப்பக்கத்து ஓரத்தை முழுக்க வெட்டும்மா. அதை நான் ஒருநாளும் தொட மாட்டன்."

"ஏன்?"

"அங்க போறதுக்கு எனக்கு விரல் இல்லையே. முழுக் கையையும் தூக்கி அங்கால வைக்கவேணும். தூக்கினாப் பிறகு கை இருந்த இடம் தவறிப்போகும். ரெண்டு தரமும் அதாலதான் வேகம் காணாமல் போனது."

"மாமி, இதை ஏன் முதலே சொல்லேல்ல?"

"எல்லாரும் எவ்வளவு ஆசையாச் செய்யிறியள். பிழை எண்டு எப்பிடியம்மா சொல்லுறது?"

அபி வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் ஒருத்தரும் மாமியைக் கேக்கேல்லையா? நானும் கேக்கேல்ல" என்றாள். எட்டு மாதம். முப்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மேல். சத்தத்தைப் பற்றிக் கதைத்தோம், நிறத்தைப் பற்றிக் கதைத்தோம், பெயரைப் பற்றிக் கதைத்தோம். அவளுக்காகவே செய்கிறோம் என்ற சந்தோஷத்தில், அவளால் தொட முடியாத ஒரு வரிசையை அவள் கண் முன்னாலேயே கட்டி, மூன்றாம் தரமும் அவளைத் தோற்கடிக்கப் பார்த்தோம். அவளும் மரியாதைக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே "நல்லா இருக்கு அண்ணா" என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேரும் கதைத்தால் ஒருவருக்கும் கோபமில்லை என்று நான் சொன்னேனே, ஐந்தாவது ஆள் வாயே திறக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. வெட்கத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நான் திரும்பி வந்து செய்தியைச் சொன்னேன். சிவா தன் வாழ்நாளில் முதல் தரமாகத் தன் பிழையை ஒத்துக்கொண்டான். நசீர் ராசண்ணையிடம் இரும்பு வாள் கேட்டான். அந்த ஓரத்து நாலு விசையின் ஈயத்தை உருக்கி எடுத்தான், தகட்டை ராசண்ணை பிடிக்க நசீர் அறுத்தான். வைத்தார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல இறங்கியது.

"பாத்தியோ, என்ர அளவு சரி" என்றார் ராசண்ணை. ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, கடைசி 4 ஐ வெள்ளையால் மூடி, அதன் மேல் 0 எழுதினார். வதனி அன்றைக்கே படிவத்தை நிரப்பி, திங்கட்கிழமை கொடுத்தாள். தயாரிப்பு: சல்லி. இலக்கம்: 40.

6

அந்த ஐந்து கிழமையும் அவர்கள் இருவரும் தினமும் கதைத்தார்கள். அபி பள்ளியால் வந்ததும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மாமி அடிக்கிற பக்கத்தைப் பார்த்து நேரம் குறிப்பாள். எந்த விரல் பிந்துகிறதோ அந்த எழுத்தை அடுத்த நாள் இடம் மாற்றுவாள். வதனிக்கு இப்போது வெட்கம் விட்டுப்போயிருந்தது. "அபி, அந்த ற அங்க இருக்கக் கூடாது, எனக்கு எரிச்சல் வருது" என்று கத்துவாள். அபிக்கு அது பெரிய சந்தோஷம். ஒருநாள் அவள் மாமியிடம், "கவலைப்படாதேங்கோ" என்று சொல்ல நினைத்து "அழாதேங்கோ" என்றாள். "நான் எங்கயடி அழுறன், வெங்காயம் உரிக்கிறன்" என்றாள் வதனி. இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். இடையில் நான் தலையை நீட்டினேன். "பிறகு அப்பா" என்றாள் அபி, தமிழில்.

அனுமதிக் கடிதம் சோதனைக்கு நாலு நாள் முன்னால்தான் வந்தது. மண்டபத்தில் மேற்பார்வையாளர் பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாராம். தட்டிப் பார்த்தாராம். முகர்ந்தும் பார்த்தாராம்.

"தங்கச்சி, இது என்ன, தோணியோ?"

"ஓம் சேர், சல்லியில செய்தது."

"ஓடுமோ?"

"இண்டைக்குத்தான் தெரியும் சேர்."

அவர் சிரித்துவிட்டுச் செருக விட்டார். எப்படி எழுதினாள் என்று நாங்கள் கேட்டதற்கு, "எழுதினனான்" என்று மட்டும் சொன்னாள். வேகம் வந்ததா என்றதற்கு, "முடிவு வந்தாச் சொல்லுவன்தானே" என்றாள். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. நசீர் தினமும் குழுவில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவான். ராசண்ணை அம்மனுக்கு ஏதோ நேர்த்தி வைத்திருப்பதாக அவருடைய மனைவி சொன்னார்.

7

போன கிழமை சனிக்கிழமை. நான் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தேன். அபி குசினி மேசையில் மடிக்கணினிக்கு முன்னால் இருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். தமிழில் ஒரு முழுப் பக்கம், நெருக்கமாக அடித்தது. அபிக்கு வந்த கடிதம். என் தங்கை இருபத்து மூன்று வருடத்தில் எனக்கு இப்படி ஒரு பக்கம் எழுதியதில்லை.

"மாமியோ? முடிவு வந்திட்டுதாமோ?"

"பொறுங்கோ அப்பா. நான் வாசிக்கிறன். எனக்கு வந்தது."

நான் மேலே குனிந்தேன். அவள் திரையைச் சரித்துவிட்டாள். ஈர மேற்சட்டையோடு அப்படியே நின்றேன். வதனிக்கு அழைப்பு எடுத்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. கையில் கைபேசி இருந்தது. ஏனோ எடுக்க மனம் வரவில்லை. மகள் தமிழ் வாசிக்கிறதைக் கெடுக்கப் பயமாக இருந்தது. வதனியின் பதிலைக் கேட்கவும் பயமாக இருந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அபி ஒரு விரலை வரிக்குக் கீழே பிடித்து, எழுத்துக் கூட்டி, வரி வரியாகப் போனாள். வாசித்துவிட்டுச் சில இடத்தில் தனக்குள் சிரித்தாள். கடைசி வரிக்கு வந்து நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அப்பா, பாஸ் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

மனைவி என் கையைப் பிடித்தாள்.

"என்ன எழுதியிருக்கிறா?"

"மழை பெய்யுதாம். நசீர் மாமா கொழுக்கட்டை கேட்டவராம். சல்லி நாப்பதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் வச்சிருக்கிறாவாம். எனக்கு ஒரு சட்டை தைக்கிறாவாம், அளவு கேக்கிறா." அவள் திரும்பவும் திரையைப் பார்த்தாள். "ரெண்டு சொல் மட்டும் விளங்கேல்ல. மாமி அதுக்குக் கீழ கோடு போட்டிருக்கிறா."

"வாசி."

"நி, ரந், தர." மூச்சு எடுத்தாள். "நி, ய, ம, னம். தந்திட்டினமாம்."

மனைவி அழத் தொடங்கிவிட்டாள். நானும்தான் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அபி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் பெரிதாகிவிட்டது.

"கூடாததோ அப்பா? அதென்ன, மாமியை நிப்பாட்டிப்போட்டினமோ?"

"இல்லையம்மா" என்றேன். "இனி உன்ர மாமியை அந்த அலுவலகக் கதிரையில இருந்து ஒருத்தரும் எழுப்ப ஏலாது."